குவியலுக்குள்ள ஆள் இருக்கு

கிளைவ்,

சூப் அடுப்பு மேல இருக்கு. அஞ்சு மணிக்கு உன் அக்கா பிள்ளைங்களோட நெருப்பு பார்க்க வருவா.

தோட்டத்தைச் சுத்தம் பண்ணிப் பத்து நாளா நீ குவிச்ச சருகையும் கிளையையும் அப்படியே கொளுத்திடாதே. உள்ளே முள்ளெலி படுத்திருக்கும். ஒவ்வொண்ணா எடுத்துப் பக்கத்துல அடுக்கிட்டு அப்புறம் பத்த வை. "ஒரு எலிக்காக நவம்பர் அஞ்சு நெருப்புத் திருவிழாவையே நிறுத்தணுமா?"ன்னு நேத்து குதிச்சியே! உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது.

மேவிஸ்

பி.கு. சைக்கிள் எடுக்கப் பின்பக்கம் போனேன். நீ வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே பாதிக் குவியலை மாத்தி அடுக்கியிருக்கே. மீதி மேல உன் கையெழுத்துல ஒரு அட்டை: "ஆள் தூங்குது. தீ வைக்காதே."

மேலே திட்டினதை அடிச்சிடு. நெருப்புல சுட வாங்கின உருளைக்கிழங்கை ஓவன்லயே சுட்டுக்கலாம். பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.