யாருங்க அந்த இணையம்?

என் முன்கோபக்கார அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. அண்ணி நல்லாயிருக்காங்க. உன் ஸ்டூடியோவை வாடகைக்கு விட்டாச்சு, இப்போ அங்கே ஒருத்தன் செல்போன் ரீசார்ஜ் பண்றான். இதைச் சொல்ல எழுதலை. எனக்கு ஒருத்தன் மேல வயிறு எரியுது, உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்வேன்?

பெரிய மார்க்கெட்ல மழையில நீ எடுத்த படம் ஞாபகமிருக்கா? மீன்காரம்மா அலுமினியக் கூடையைத் தலையில கவிழ்த்துக்கிட்டு, மழையை வாய்க்கு வந்தபடி திட்டுற படம். கேமராவைப் பாலிதீன் பையில சுத்தி, ஐஸ் பெட்டி மேல ஏறி நின்னு, வழுக்கி விழுந்து, முட்டி பேந்து நொண்டிக்கிட்டு வந்தே. "படம் கிடைச்சுடுச்சுடி"ன்னு அப்படியொரு சிரிப்பு.

அதை நெட்டுல ஏத்தினதும் நீதான், கீழே உன் பேரோட. படத்து மேலேயே பேரைப் போடுங்கன்னு அண்ணி சொன்னதுக்கு, "மூஞ்சியில பச்சை குத்தின மாதிரி இருக்கும், வேணாம்"னுட்டே. எல்லாரும் உன்னை மாதிரி மானஸ்தனா இருப்பாங்கன்னு நினைச்சியா?

போன மாசம் ஆபீஸ்ல சும்மா பார்த்துக்கிட்டிருந்தப்போ, அந்தப் படம் எவனோ ஒருத்தன் பிளாக்குல இருக்கு. ஆள் நம்ம ஊருதான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், சொல்தா வீட்டுப் பிள்ளை. இப்போ பாரிஸ்ல குடும்பத்தோட இருக்கான். புதுச்சேரியோட ஆன்மாவைத் தேடுறானாம். லீவுல வந்தா உழவர்கரை வீட்டுல ஏசியைப் போட்டுக்கிட்டு உக்காந்து தேடுவான் போலிருக்கு. மார்க்கெட் சேத்துல ஒரு நாளாவது கால் வெச்சிருப்பானா? உன் படத்துக்குக் கீழே என்ன போட்டிருந்தான் தெரியுமா? "நன்றி: இணையம்."

யாருண்ணே அந்த இணையம்? எந்தத் தெருக்காரர்? முட்டி பேந்தது அவருக்கா? இந்த வியாதி இவனுக்கு மட்டும் இல்ல, பாதி பிளாக்குல இதே கதைதான். திருடுறதும் திருடிட்டு, நன்றி வேற! கல்யாண வீட்டுல மொய் எழுதுறவங்ககூட பேரைக் கேட்டுத்தான் எழுதுறாங்க. "நன்றி: ஊர்"னா எழுதுறாங்க?

பிளாக்குலயே நம்பர் இருந்துச்சு. ஆளும் லீவுல ஊருக்கு வந்திருந்தான். போன் பண்ணேன்.

"நெட்டுல கிடந்துச்சு மேடம், எடுத்தேன். நன்றி போட்டிருக்கேனே, பார்க்கலையா?"

"கிடக்கிறதுக்கு அது என்ன அறுந்த செருப்பா? கீழே எங்க அண்ணன் பேரு இருந்துச்சில்ல?"

"சரி, அவரையே பேசச் சொல்லுங்க. நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

"அவரு இறந்துட்டாரு."

ஒரு பெருமூச்சு கேட்டுச்சு. பரவாயில்ல, மனுஷன் வருத்தப்படுறான்னு நினைச்சேன். அடுத்த நொடியே கேட்டான்: "ஓ. அப்புறம் என்ன மேடம் பிரச்சனை?"

அண்ணே, உன்னைத் தூக்கிட்டுப் போனப்போகூட நான் அப்படி அழல. செத்தவனுக்குப் பேரு எதுக்குன்னு கேக்குறான். உனக்குன்னு இனி இருக்கிறதே அது ஒண்ணுதானே? அதையும் பிடுங்கிக்கிட்டா நீ இந்த ஊர்ல இருந்ததுக்கு வேற என்ன மிச்சம்?

மூஞ்சியைக் கழுவிக்கிட்டு மறுபடி போன் பண்ணேன். அவனை என்னென்ன கேட்டேன்னு இங்கே எழுத மாட்டேன், நாலு பேர் கண்ணுல படலாம். கடைசியில "போட்டுடறேன் மேடம், ஆளை விடுங்க"ன்னான். மறுநாள் திறந்து பார்த்தா, துரை தாராளமாவே போட்டிருக்கார். பிளாக்குல இருக்கிற அத்தனை படத்துக்கும் கீழே உன் பேரு! எது யார் எடுத்ததுன்னு பார்க்கக்கூட உடம்பு வளையல. பாரிஸ்ல பனி கொட்டுற தெருவும் நீ எடுத்ததாம். அங்கே அவனும் பொண்டாட்டியும் குடை பிடிச்சு நிக்கிறதும் நீ எடுத்ததாம். பாஸ்போர்ட்டே வாங்காத நீ எப்போண்ணே போனே? வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

ஒரு படத்துல சிரிப்பு நின்னுபோச்சு. புயல் அன்னிக்கு பீச் ரோட்டுக் கல்லுக்கு மேல அலை எழும்பி நிக்குமே, அந்தப் படம். லூர்து எடுத்தது. உன்கூடவே தொழில் கத்துக்கிட்டு, ஒரு கல்யாண ஆர்டருக்காகச் சண்டை போட்டு, கடைசி வரைக்கும் உன்கூடப் பேசாத அதே லூர்து. அந்தப் படம் அவர் கடை வாசல்ல தொங்குதுன்னு அந்தத் தெருவுலயே நீ வண்டி ஓட்ட மாட்டே. அது இப்போ உன் பேர்ல!

அண்ணி சொன்னாங்க, "நல்ல படம்தானே, அவர் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்." எப்படி விடறது? விட்டா எனக்கும் அந்தப் பாரிஸ்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

லூர்து கடைக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் எகிறினார். "தனசேகரா? நாலு தூறல் விழுந்தா கேமராவைப் போர்வைக்குள்ள பொத்தி வைக்கிறவன்மா அவன்!"

"அப்போ மழையில மீன்காரம்மாவை எடுத்தது யாரு?"ன்னு நானும் எகிறினேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உக்காரச் சொன்னார். "அதுக்கு தனசேகர் பேரைப் போட்டுட்டானா?"ன்னு கேட்டார். போட வெச்சுட்டேன்னேன். "அதை மட்டும் விட்டுடாதம்மா"ன்னார். சொல்லிட்டு உள்ளே போனவர் நான் கிளம்புற வரைக்கும் வெளியே வரவே இல்ல.

அங்கிருந்தே பாரிஸ்காரனுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே "சொல்லுங்க மேடம், சொல்லுங்க மேடம்"னு பதறினான். சரி பண்ணிட்டான். பனித் தெருவை எடுத்தது யாருன்னு கேட்டேன். தெரியாதாம். "தேடிக் கண்டுபிடி, இல்ல எடுத்துடு. அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா"ன்னு சொல்லி வெச்சேன்.

நான் இருக்கிற வரைக்கும் உன் படம் எங்கேயும் அநாதையா நிக்காது. அடுத்தவன் படமும் உன் பேர்ல நிக்காது. இது சத்தியம். இப்போ அந்த பிளாக்குல உன் படமும் லூர்து படமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, அவங்கவங்க பேரோட. உனக்குப் பத்திக்கிட்டு வரும்னு தெரியும். வரட்டும். பேசாம பக்கத்துலயே இரு.

உன் வாயாடித் தங்கச்சி,
விஜயா