பதினாறு கிலோவுக்கு அரைப் பேர்

என் அன்புச் சண்டைக்காரி ஸ்டெல்லாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் கணினியைத் திறந்து 5.1, 5.3, 5.6 மூன்றையும் கூட்டினேன். 15.999999999999998 என்றது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைக் கொழுந்து நிறுவை மென்பொருளை இப்போது நான்தான் பராமரிக்கிறேன். எழுதியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். மூன்று நேர நிறுவையும் சேர்ந்து பதினாறு கிலோ வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். திரையில் 16.0 என்று தோராயமாக்கிக் காட்டிவிட்டு, ஒப்பிடும்போது மட்டும் உள்ளே கிடக்கும் அந்தக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்கிறது.

நேற்று பரமேஸ்வரி வீட்டுக்கே வந்துவிட்டாள். உன்னோடு பள்ளிக்கூடம் போனவள்தான், இப்போது அங்கே கொழுந்து பறிக்கிறாள். அந்த மூன்று நிறுவையும் அவளுடையவை.

"பதினாறுன்னு அதுவே காட்டுது. அப்புறம் எப்படிங்க அரைப் பேரு?"

தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் போன் போட்டுக் கேட்டேன். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க மிஸ். ஒரு பிடி கூடப் பறிக்கச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற பரமேஸ்வரி, "எங்கங்க பறிக்கிறது, அவரு வீட்டு வேலியிலயா?" என்றாள்.

நமக்கு மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாது. 0, 1 என்று இரண்டே இலக்கத்தில் எண்ணுகிற இயந்திரத்துக்குப் பத்தில் ஒரு பங்கும் அப்படித்தான். இதை எத்தனை பேருக்கு விளக்குவது? கொழும்புக்காரர்களுக்கும் எழுதினேன். திரையில் சரியாகத்தானே தெரிகிறது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை மலையேறிப் பறித்தவள் என்ன செய்வாள்?

"தராசுல வர்ற எண்ணுக்குப் புள்ளியே வைக்காதீங்க மதினி, கிராமா எண்ணுங்க" என்று நீ சொல்வாயே. 5100, 5300, 5600. கூட்டினால் 16000, ஒரு துளி குறையாது. இவ்வளவுதான் வேலை. இதற்கு அனுமதி வேண்டுமாம்.

திருத்தி வைத்துவிட்டேன். நாளை ஆட்கள் காலைப் பெரட்டுக்குக் கூடும் முன்பே போய், யாரையும் கேட்காமல் அதை ஏற்றப்போகிறேன். பழைய நிறுவைகளையும் திரும்பக் கூட்டி, யார் யாருக்கு முழுப் பேர் வரவேண்டும் என்று தோட்டத்துத் துரையின் மேசையில் வைப்பேன். என் வேலை போனால் போகட்டும். உன் அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

கிராமில் எண்ணும்,
உன் மதினி ரெஜினா