தாழ்குழலின் நான்கு மூச்சு

மாமலைக்கூடல் நாட்டு அரசி, மறைந்த கோமான் அருளாழியாரின் துணைவி பூவணநங்கை, வெண்சிப்பித்துறை காக்கும் வேளும் என் உடன்பிறந்தானுமாகிய இளங்கடம்பனுக்கு விடுக்கும் ஓலை. நின் கலங்கள் கரை தப்பாதிருக்க. நின் துறைவிளக்கு அவியாதிருக்க. எழுத்தரை வெளியே நிறுத்திவிட்டு என் கையால் எழுதுகிறேன்.

மேலைக்கடல் வணிகரிடம் பெற்று நீ எம் மணப்பரிசாக விடுத்த நான்கு மரக்குழல்களை மறந்திருக்கமாட்டாய். ஒரே மரத்தில் கடைந்த அவற்றுக்கென அவ்வணிகர் கற்பித்த பாட்டு ஒன்றும் உடன் வந்தது. ஒரு குழல் தொடங்க, அதே இசையை அடுத்தது பின்தொடர்ந்து எடுக்கும். நான்கும் ஒன்றையொன்று துரத்திச் சென்று, ஓரிடத்தில் மூன்று ஓய, தாழ்ந்த குரலுடைய தாழ்குழல் மட்டும் நான்கு மூச்சு தனித்து ஒலிக்கும். அதைக் கோமானே ஊதுவார். எப்பொழுதும் அரை நொடி தாமதித்தே தொடங்குவார். அதை அவரிடம் சொல்லத் துணிந்தவள் நான் ஒருத்தியே.

ஊதியவன் உடலோடு அவன் குழலும் எரிய வேண்டும் என்பது நம் குடிவழக்கு. அவர் மறைந்தபோது நான் அதைத் தடுத்தேன். ஒரு மரத்துக் குழல்களைப் பிரிக்கலாகாது என்று அவைக்குச் சாக்குச் சொன்னேன். உண்மையில், அவர் வாய் பட்ட பொருளைத் தீயில் இட எனக்கு மனம் வரவில்லை.

அவர் மறைந்த பதினாறாம் நாள் நண்பகல், மற்ற மூன்று குழல்களை ஊதும் அரண்மனைக் குழலோர் மூவரையும் அப்பாட்டை இசைக்கப் பணித்தேன். தாழ்குழல் பட்டுமெத்தை மீது கிடந்தது. தனித்தொலிக்கும் இடம் வந்ததும் மூவரும் ஓய்ந்து காத்திருந்தனர். யாரும் தொடாத குழல் ஒலித்தது. அரை நொடி தாமதித்து ஒலித்தது. தம்பி, நான் அஞ்சவில்லை, மகிழ்ந்தேன்.

நாள்தோறும் நண்பகலில் இசைக்கச் சொன்னேன். மாண்டவருக்கு மூச்சு ஏது? உயிரோடிருப்பவரிடமிருந்தே அது சென்றது. மூவரில் மூத்தவரான கொற்றங்கீரனார் நாளுக்கு நாள் மூச்சிரைத்து, ஒன்பதாம் நாள் குழலை மடியில் வைத்தபடியே இறந்தார். மற்ற இருவரும், தாங்கள் பிள்ளைகுட்டிக்காரர் எனவும், தங்களை விடுவித்தருள வேண்டும் எனவும் அமைச்சர் வழியாக இறைஞ்சினர். மறுநாளும் இசைக்குமாறு ஆணையிட்டேன். இசைத்தனர். இளையவன் தாம்பூலம் தரித்தவன் போல் சிவக்கச் சிவக்க உமிழ்ந்தான். நானோ அந்த நான்கு மூச்சுக்காகக் காத்திருந்தேன்.

அதன்பின் இருமுறை தீ மூட்டி, குழலை ஏந்தி நின்று, எரிக்க மாட்டாமல் திரும்பிவிட்டேன். ஆகவே அதைப் பேழையில் அடைத்து நின்னிடம் விடுக்கிறேன். சுமப்போரை நாழிகைக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஒலி கேட்டாலும் திறவாதே. வந்த அன்றே கடற்கரையில் பேழையோடு எரித்து, சாம்பலை அலையில் விடு.

குழலைத் திருப்பி விடுக்குமாறு என் பெயரால் பின்னொரு ஓலை வரலாம். நம் தாயின் பெயரைச் சொல்லி அழுதுகூட எழுதியிருப்பேன். பணியாதே. அதில் முத்திரை இராது. இவ்வோலையில் முத்திரை பதித்த உடனே என் முத்திரை மோதிரத்தையும் இதனுடன் கட்டிவிடுகிறேன். தீ முற்றும் அணைந்தபின் அதைத் திருப்பி அனுப்பு. அதுவரை நான் இடும் ஆணை எதுவும் செல்லாது என அவைக்கும் அறிவித்துவிட்டேன். நானே கெஞ்சினாலும் அவ்விருவரும் இனி இசைக்க வேண்டியதில்லை.

இஃது ஆணை. தம்பி, விரைக, நண்பகல் நெருங்குகிறது.