கூடத்தில் தண்ணீர்

ஜூன் 4
கூடத்துக்கு வினைல் விரிப்பு போட்டாயிற்று. பழைய தரை வெடித்து, அதில் தடுக்கி என் மனைவி விழுந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இளநீலம், நல்ல பளபளப்பு. அவளுக்குப் பிடித்த நிறம்.

தரைக்காரர் முட்டி போட்டு ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தார். வேதியியல் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயும் மழைக்கோட்டும் கூடப்பிறந்தவை என்று ஆரம்பித்தேன். இரண்டும் வினைல்தான். ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கிறது. மற்றதில் மென்மையாக்கும் இளக்கி கலந்திருப்பதால் சொன்னபடி வளைகிறது.

“எங்க வீட்டுலயும் அப்படித்தான் சார். நானும் என் தம்பியும்” என்றார்.

ஜூன் 5
அவள் படுக்கையறை வாசலைத் தாண்டவில்லை.

ஜூன் 6
காரணம் தெரிந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து மெல்ல அசைந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கால் விரலை நீட்டினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“என்னங்க, வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கு. பாத்துட்டு சும்மா நிக்கறீங்களே?”

மறதி நோயில் கண் பார்ப்பதை மனம் வேறாகப் புரிந்துகொள்ளும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பளபளக்கும் தரையைப் பற்றியும் சொன்னாரோ? நான்தான் நிறத்தில் மயங்கிவிட்டேன்.

சோதனை செய்து காட்டினேன். கைக்குட்டையால் தரையைத் துடைத்து, ஈரமில்லாத கைக்குட்டையை அவளிடம் நீட்டினேன். தொட்டுப் பார்த்தாள்.

“நல்லா பிழிஞ்சிருக்கீங்க” என்றாள்.

ஜூன் 9
மகள் போனில். “அப்பா, இப்படி ரூமுக்குள்ளயே கெடந்தா அம்மா கால் மடங்கிப் போயிடும். ஞாயித்துக்கிழமை வர்றேன். நடக்கலேன்னா எங்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்களும் வாங்க.”

நீங்களும் — பெட்டியோடு சேர்த்து எடுத்துப்போகும் குடை மாதிரி.

இந்த வீட்டுச் சுவர்களாவது அவளுக்கு இன்னும் தெரிகின்றன. புது வீட்டுக்குப் போனால் என்னையே... வேண்டாம். எழுத வேண்டாம். என்னத்தச் செய்யறது நான்? சொல்லிச் சொல்லிப் புரியவைக்கறதுதானே என் பொழப்பு?

ஜூன் 10
வெளியே நல்ல வெயில். ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டேன். அதுவும் வினைல்தான். பாட்டு வருமுன் ஊசி சரசரத்தது. “தூறுது” என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரே பொருள் — தட்டில் மழையாக, அவள் தோளில் கோட்டாக, வாசலுக்கு அந்தப் பக்கம் நீராக. பார்த்துக்கொண்டே இருந்தேன். வீடு லேசாக மிதப்பது போலிருந்தது.

“எப்படிம்மா தாண்டறது?” என்று கேட்டேன். அதைத் தண்ணீர் என்று நான் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

மக்கு மாணவனைப் பார்ப்பது போல் பார்த்தாள். “கல்லு போட்டா தாண்டிட்டுப் போறோம். இது கூடவா தெரியாது உங்களுக்கு?”

ஜூன் 12
தரைக்காரர் மறுபடி வந்தார். படிக்கட்டுக்கு ஒட்டுகிற சொரசொரப்பான சாம்பல் நிற வினைல் மிச்சம் இருந்ததாம். கல் வடிவில் வெட்டி, நீலத்தில் அதே அளவு குழிவெட்டி, தடுக்காதபடி பதிக்க வேண்டும்.

“புதுத் தரைய வெட்டச் சொல்றீங்களே சார்?” என்றவர், வாசலில் நின்றவளைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார்.

“எவ்வளவு ஆழம்மா இருக்கும்?”

“கணுக்கால் அளவுதான். பயப்படாதீங்க.”

“எனக்கு நீச்சல் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்.”

கரையில் நின்று அவள் சொல்லச் சொல்ல, அவர் பதித்தார். “அதத் தள்ளி வச்சிட்டீங்க. என் காலு என்ன கொக்குக் காலா?”

ஜூன் 13
ஆடையின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் என்னைப் பிடித்து, சமையலறை வரை வந்தாள்.

ஜூன் 15
மகள் பெட்டியோடு வந்தாள். விறுவிறுவென்று கூடத்துக்குள் நடந்தவளை ஒரு குரல் அதட்டியது.

“ஏய், கால நனைக்காத! கல்லு மேல வா!”

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். தெருக்கதவு வரை திரும்பிப் போய், முதல் கல்லில் கால் வைத்தாள். அடுத்ததில் உதடு துடித்தது. அதற்கடுத்ததில் தடுமாறுவது போல் நடித்தாள். எதிரே கல் கல்லாக வந்துகொண்டிருந்த அம்மா, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பெட்டி காலியாகவே திரும்பிப் போயிற்று. தெருக்கதவு வரை வந்து வழியனுப்பினாள் அவள்.

ஜூன் 28
துணி துவைக்க எடுக்கும்போது கவனித்தேன். என் கால்சட்டைகள் எல்லாவற்றிலும் ஓரம் கணுக்காலுக்கு மேல் மடித்திருக்கிறது. எப்போது மடித்தேன்?