ஒரே பைப்பில் இரண்டு வயர்

திண்டிவனம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு.

அன்பு மகன் டோமினிக்குக்கு அம்மா எழுதுவது. சேசுவின் கிருபையால் தோகாவில் நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் அப்பாவின் வலது உள்ளங்கையில் இருக்கிற கட்டைப் பார்த்துவிட்டு அதை எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஃபோனில் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா ஆணை போட்டிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய், இதையாவது கடைசி வரை படி.

போன மாதம் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டைச் சுற்றிக் கேமரா வைக்கச் சொல்லி உன்னோடு படித்த நெடுஞ்செழியனை விழுப்புரத்திலிருந்து அனுப்பினாயே, அந்த மகானுபாவன் கூலிங்கிளாஸோடு வந்தான். சட்டையில் கடைப்பெயர் தைத்திருந்தது, பையில் ஒரு டெஸ்டர்கூட இல்லை. புதுப் பைப் அடிக்க ஐயாவுக்குச் சோம்பல். சுவருக்குள் தண்ணி மோட்டாருக்குப் போகிற கரண்ட் பைப்பிலேயே ஸ்பிரிங் கம்பியை விட்டுக் கேமரா வயரையும் சேர்த்து இழுத்தான். தம்பி, உள்ளே இருக்கிற வயர் டோமினிக் பிறப்பதற்கு முன்னால் போட்டது, மேல்தோல் காய்ந்து வெடித்திருக்கும், அதோடு இதைச் சேர்க்காதே, தள்ளித் தனிப் பைப் போடு என்றேன். அவன் சிரித்துக்கொண்டே "ஆன்ட்டி, இது வெறும் பன்னெண்டு வோல்ட்டு, கொசுகூட சாவாது, நீங்க போயி டீ போட்டுக்கினு வாங்க" என்றான். மோட்டார் பட்டறையில் பத்தொன்பது வருஷம் காயில் கட்டியவள் நான். பன்னிரண்டு வோல்ட் ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும். பக்கத்தில் இருநூற்று முப்பது ஓடினால், தோல் உரிந்த இடத்தில் அதுவும் இதற்குள் ஏறிவிடும் என்பது அந்த மேதைக்குத் தெரியவில்லை. உன் அப்பாவோ "படிச்ச புள்ளைக்கு நீ பாடம் எடுக்காத மேரி" என்றார். நீ ஃபோனில் "அவன் இன்ஜினியர்மா, விடு" என்றாய். மூன்று புத்திசாலிகள் ஒரு பக்கம். நான் போய் டீ போட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை விடியற்காலை மழை. பால் வாங்க அப்பா செருப்பில்லாமல் போய் கிரில் கேட்டில் கை வைத்தார். கத்தவில்லை, தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தால் கை கம்பியைப் பிடித்தபடி உடம்பு உதறுகிறது. ஓடிப்போய்ப் பிடித்து இழுக்கத்தான் மனசு போனது, தொட்டால் இரண்டு பேரும் போவோம் என்று உள்ளே ஓடி மெயினை அணைத்தேன். அந்தப் பத்து அடியில் எத்தனை அருள்நிறை மரியே சொன்னேனோ தெரியாது. அவர் பின்பக்கமாக விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, நெஞ்சு சரியாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். அன்றைக்கு நீ என்ன செய்தாய் தெரியுமா? மெயின் அணைந்ததும் கேமரா இருண்டுபோக, நெடுஞ்செழியனைக் கூப்பிட்டு "படம் வரலடா, இன்னான்னு பாரு" என்றிருக்கிறாய், அவனே பிறகு சொன்னான். அவனைத்தான் கூப்பிட்டாய், எங்களை இல்லை.

அவனும் மூன்றாம் நாள்தான் வந்தான். வந்தவன் கிரில்லைப் பார்த்துவிட்டு "எங்கியாச்சும் இடி வுழுந்திருக்கும் ஆன்ட்டி" என்றான். அன்று அணைத்த மெயினை நான் திரும்பப் போடவே இல்லை, அவன் கையாலேயே வயரை உருவ வைத்தேன். மூன்று அடி வெளியே வந்ததும் இரண்டு வயரும் உரிந்து, கருகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஸ்பிரிங் கம்பி தேய்த்த தேய்ப்பு. கரண்ட் அந்தக் கேமரா வயரின் வெளிக் கம்பிப் பின்னல் வழியாகக் கேமராவின் இரும்பு உடம்புக்கு வந்து, அங்கிருந்து அதை முடுக்கியிருந்த கிரில்லில் இறங்கியிருக்கிறது. இடியாம்! "இன்னும் எத்தினி வூட்ல இப்படி இழுத்துவச்சிக்கினு இருக்க?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி ஐந்து என்றான். முதல் வீடு எது என்றேன். வளவனூரில் அவனுடைய அக்கா வீடாம்.

டெஸ்டரை எடுத்துக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போகும்போது அவன் அக்காவுக்கு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தான், அவள் எடுக்கவில்லை. நாங்கள் போனபோது அவன் அக்கா புனிதா மாடிப்படிக் கம்பியில் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதே கம்பியில்தான் கேமராவை முடுக்கியிருந்தான். கையை எடு என்று கத்திவிட்டு டெஸ்டரை வைத்தேன், விளக்கு எரிந்தது. அவள் "ரெண்டு நாளா சுருக்கு சுருக்குன்னுதான் இருந்திச்சி, ஈரக் கைன்னு வுட்டுட்டேன்" என்றாள். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தாள். நெடுஞ்செழியன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஆன்ட்டி, நீங்க அன்னிக்கே சொன்னீங்களே" என்று அழுதான். நான் தேற்றவில்லை. எழுந்து முதலில் மெயினை அணை, அழுகையைப் பிறகு வைத்துக்கொள் என்றேன்.

அடுத்த மூன்று நாளும் மற்ற நான்கு வீடுகளுக்கு அவனோடு போனேன். நான் கீழே நின்றேன், அவன் ஏணியில் நின்றான். நம் வீட்டிலும் கேமரா வயருக்குத் தனிப் பைப், கரண்ட் பைப்புக்கு ஒரு முழம் தள்ளி, குறுக்கே போக வேண்டிய இடத்தில் மட்டும் நேர் குறுக்காக. ஷாக் அடித்தால் தானே அணைகிற சுவிட்சும் வைத்தாயிற்று. உன் அப்பா இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், அந்தப் பையன் இழுக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும், கை ஆறுகிற வரைக்கும்.

நெடுஞ்செழியன் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் என்னைக் கூப்பிடுகிறான். "ஆன்ட்டி, இங்க ரெண்டு லைனும் பக்கத்துல வருது, இன்னா பண்ணட்டும்?" என்கிறான். அவன்மேல் எனக்கு மதிப்பு வந்துவிடவில்லை. ஆனாலும் அவன் கேட்கிறான். என் வயிற்றில் பிறந்த நீ இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை பூசையை விடாதே. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார், மாதா உன் கூடவே இருப்பாள். வீடியோவில் பார்த்தேன், உன் இரும்புக் கட்டில் தலைமாட்டில் நாலைந்து வயர் ஒன்றாகக் கட்டித் தொங்குகிறது. இதைப் படித்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவற்றைப் பிரித்துப் போடு. இன்ஜினியரைக் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. பாக்கியமேரி