உம்ராவுக்குக் கொடுத்த குளிசை

செப். 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். உம்ரா குரூப்புக்கான வெள்ளைத் துணி வந்துவிட்டது. குரூப்பில் போகிற பெண்கள் எல்லாருக்கும் நானே தைப்பதாக வாயை விட்டாயிற்று. என்னுடையது கடைசி. மெஷின் பெல்ட் தளர்ந்து கிடக்கிறது. இவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். பிலிமத்தலாவை ஊர் முழுக்க ஆணியும் கம்பியும் விற்கிற மனுஷன், வீட்டில் ஒரு பெல்ட் மாற்ற நேரமில்லை.

லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போன இடத்தில் மறுபடியும் ரத்தம். மூன்றாம் தரம். முதலில் பெருநாள் முடிந்த கையோடு, வெறும் கறை. பிறகு ஜூலையில். இன்றைக்குக் கறை என்று சொல்ல ஏலாது, ரத்தமேதான். எனக்கு மாதம் நின்று அஞ்சு வருஷம். மகளின் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் நின்றது, நல்ல ஞாபகம்.

தொழவில்லை. அந்தக் காலத்துப் பழக்கம், ரத்தம் கண்டால் கை தானாக முஸல்லா விரிப்பை மடித்து வைக்கிறது. கதிரையில் கறுப்புத் துவாய் விரித்து, அதன் மேல் உட்கார்ந்து வெள்ளைத் துணி வெட்டினேன்.

மகளுக்குச் சொல்லவில்லை. கட்டாரிலிருந்து அவள் அழுது நான் தேற்ற வேண்டும்.

செப். 9, செவ்வாய்

நூருல் மச்சி அளவு கொடுக்க வந்தா. இவருடைய அக்கா, இவர் ராத்தா என்பார்; குரூப்பில் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. எனக்கு மனசில் வைத்திருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அட, திரும்ப வந்தீக்கி. சில ஆளுக்கு அப்பிடித்தான். ஒடம்பு இன்னும் தெம்பா ஈக்கிதெண்டு நெனச்சிக்கோ." ஒரு சிரிப்பு. அடுத்த நிமிஷம் முகம் மாறியது. "அங்க போய் வந்தா என்ன செய்ற? கஃபாவச் சுத்தித் தவாப் செய்ய ஏலாதே."

பயணம் அக்டோபர் 12. அவ்வளவு காசு கட்டி, மக்காவுக்குப் போய், ஹோட்டல் அறையில் குந்திக்கொண்டிருக்கவா என்று எனக்கும் திக்கென்றது.

"டொக்டர்ட்ட போய்க் குளிச எடு. பொம்புளைகள் எல்லாரும் எடுக்கிறதானே. ஒண்டு குடிச்சா நிக்கும். எனக்குத் தெரியும்."

மாதத்தைத் தள்ளிப்போடுகிற மாத்திரையைக் குமருப் பிள்ளைகளும் பிள்ளை பெறுகிற வயதுக்காரிகளும் எடுக்கிறார்கள், உண்மைதான். எனக்கு 57. 'திரும்ப வந்தீக்கி' என்று சொல்ல இது என்ன வெளிநாடு போன மருமகனா?

செப். 10, புதன்

டிஸ்பென்சரி. நல்ல கூட்டம், எல்லாருக்கும் இருமல். டொக்டரின் மேசைக்கும் வெளியே ஆட்கள் உட்காருகிற வாங்குக்கும் நடுவில் ஒரு திரை மட்டும். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். வெளியே இவருடைய கடைக்கு வருகிற ஆம்பிளைகள்.

நான் உட்காரும் முன்னமே டொ., "உம்ராவா, ஹஜ்ஜா?" என்றார். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அந்தக் குளிசைக்குத்தானே அவரிடம் போகிறோம்.

"உம்ரா. ஆனா இப்ப வந்தீக்கி, டொக்டர். எனக்கு..."

"ஹோர்மோன் கொழப்பம். இதக் குடிங்க, நிக்கும். திரும்பி வந்து நிப்பாட்டுங்க."

எழுதிக் கையில் தந்தார். வயசு கேட்கவில்லை. நின்று எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை. நான் சொல்ல வந்த வசனம் தொண்டையில் இருக்கும்போதே, அழுகிற பிள்ளையுடன் அடுத்த ஆள் உள்ளே வந்தாயிற்று.

வாங்கியது: குளிசை, வெள்ளை நூல், ஊசி, இஞ்சி. பெல்ட் இல்லை.

செப். 13, சனி

நின்றுவிட்டது. மச்சிக்குச் சந்தோஷம். இவருக்கும். "அல்ஹம்துலில்லாஹ், சரியாப் போச்சே."

சரியாகப் போகவில்லை, நின்றிருக்கிறது. இரண்டும் ஒன்றா? கேட்டால் "நீ எல்லாத்தையும் கிண்டிக் கிண்டிப் பாக்கிற" என்பார். அடிவயிற்றில் ஒரு கனம். அது குளிசையா, பயமா தெரியாது.

மூன்று உடுப்பு முடிந்தது.

செப். 16, செவ்வாய்

வெயில். பக்கத்து அனெக்ஸில் குடியிருக்கிற சிவகாமி டீச்சர் சட்டை தைக்கக் கொண்டுவந்தா. யாழ்ப்பாணம், கண்டியில் கணக்குப் படிப்பிக்கிறா. கை அளவு எடுக்கும்போது என்ன, முகம் வாடிக் கிடக்கு என்றா. சொன்னேன்.

"அக்கா, உங்களுக்கு நிண்டு எவ்வளவு காலம்?"

இத்தனை பேரில் இதைக் கேட்ட முதல் ஆள்.

அஞ்சு வருஷம் என்றதும் டீச்சர் கையைக் கீழே போட்டா. "நிண்டு ஒரு வருசம் போன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் காட்டவேணும். என்ர சித்திக்கு வந்தது. அவ காட்டினா, ஒண்டுமில்லையெண்டு சொல்லிச்சினம். அநேகமாப் பயப்பட ஒண்டும் இராது. ஆனா அதை அவை பாத்துத்தான் சொல்லவேணும், நாங்கள் சொல்லேலாது."

"குளிச குடிச்சு நிண்டிட்டுதே, டீச்சர்?"

"குளிசையைப் பற்றி என்னட்டக் கேளாதேங்கோ, நான் கணக்கு டீச்சர். ஆனா காரணம் தெரியாமல் நிப்பாட்டினால், காரணம் உள்ளுக்கதானே இருக்கும்?"

புற்றுநோய் என்ற சொல்லை இரண்டு பேருமே வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். பயமாயிருக்கிறது, யா அல்லாஹ், எனக்குச் சரியான பயம்.

செப். 18, வியாழன்

அரசாங்க ஆஸ்பத்திரி. இவரிடம் கண்டிக்கு லேஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். பேராதனைச் சந்தியில் பஸ் நகரவே இல்லை. போனபோது ஓபிடியில் வெளிநோயாளர் வரிசை வாசலுக்கு வெளியே.

சின்ன வயது டொ. தமிழ் தெரியாது. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கக் காணும், இதற்குக் காணாது.

இப்போது ரத்தம் போகிறதா? இல்லை. ஏன்? குளிசை. "அப்ப குளிசை வேலை செய்யுதுதானே, அம்மே. திரும்ப வந்தா வாங்க."

பெண்கள் கிளினிக்குக்கு ஒரு லெட்டர் என்று கேட்டேன். என்னத்துக்கு என்று கேட்டார். அஞ்சு வருஷம் என்பதற்குச் சிங்களத்தில் வாய் எடுக்கிறேன், அவர் அடுத்தவருடைய துண்டுச் சீட்டைக் கையில் எடுத்துவிட்டார். நானும் மரியாதையாக எழும்பி வந்துவிட்டேன். மரியாதை! வழி முழுக்க என்னையே ஏசிக்கொண்டு வந்தேன்.

கண்டியில் ஒரு லேடி டொக்டரிடம் காசு கட்டிக் காட்ட, சனல் பண்ண கோல் எடுத்தேன். டொக்டர் வெளிநாட்டில், அடுத்த மாசக் கடைசியில் எடுங்க என்கிறாள் போனை எடுத்த பிள்ளை.

லேஸ் வாங்க மறந்துபோனேன். இவர் கேட்கவும் இல்லை.

செப். 20, சனி

யோசித்துப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். குளிசை குடிக்கிறவரைக்கும் ரத்தமில்லை. ரத்தமில்லாதவரைக்கும் நான் நோயாளி இல்லை. குடித்துக்கொண்டே உம்ரா போய், குடித்துக்கொண்டே வந்து, உள்ளே என்ன இருக்கிறதோ அதுவும் என்னோடு தவாப் செய்துவிட்டு வரும்.

இன்று குளிசை குடிக்கவில்லை.

செப். 22, திங்கள்

நான் குளிசையை நிறுத்தினது மச்சிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எப்படியோ என்ன, இவர்தான்.

"ஒனக்கென்ன விசரா? இன்னும் மூணு கெழமதான் ஈக்கி. இப்ப நிப்பாட்டினா அங்க போய் வந்திடும். அல்லாஹ்ட வீட்டுக்குக் கூப்பிடு வந்தீக்கி, நீ டொக்டர் தந்த குளிசய எறியுற."

"மச்சி, இது மாசத்த ரத்தமில்ல."

"ஓ, நீ பெரிய டொக்டர்." கைப்பையைத் திறந்து ஒரு குளிசைப் பட்டையை எடுத்து மெஷின் மேல் வைத்தா. "ஒன்ட குளிச முடிஞ்சீந்தா இதக் குடி."

அதே குளிசை. பாதி பாவித்த பட்டை. எனக்காக யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருக்கிறா. மனசு இளகியது, ஆனால் வாய் இளகவில்லை. எடுத்துப் பைக்குள்ளேயே திருப்பி வைத்தேன். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டா.

செப். 24, புதன்

வந்துவிட்டது. போன தரத்தைவிடக் கூட. ரத்தத்தைக் கண்டு சந்தோஷப்பட்ட பைத்தியம் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டீச்சரிடம் மூன்று வசனம் சிங்களத்தில் பழகினேன். வயசு 57. மாதம் நின்று அஞ்சு வருஷம். இந்த வருஷம் இது நாலாம் தரம். கறிக்கு வெங்காயம் வெட்டும்போதும் அதேதான் வாயில்.

செப். 25, வியாழன்

ஓபிடி. இந்தத் தரம் வேறு டொ., பெண். குளிசையை நிறுத்தினேன் என்றதும், "நிப்பாட்டினா வரும்தானே, அம்மே."

குடித்தால் நிற்கும், அதனால் ஒன்றுமில்லை. நிறுத்தினால் வரும், அதனாலும் ஒன்றுமில்லை. அப்படியென்றால் என்ன வந்தால்தான் ஒன்று?

எழும்பவில்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்றவள் என் முதுகில் முட்டுகிறாள். மூன்று வசனத்தையும் சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது, வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

டொ. பேனையை வைத்தா. "அஞ்சு வருஷமா? இதை ஏன் முதல்லயே சொல்லல்ல?"

ஏன் சொல்லவில்லையாம்! கேட்டால்தானே. கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டும், அது வேறு.

ஒரு நிமிஷத்தில் லெட்டர் எழுதி முடிந்தது. மேலே அவசரம் என்று போட்டு, கீழே இரண்டு கோடு. அந்தக் கோட்டுக்குத்தான் பெருநாளிலிருந்து காத்திருந்திருக்கிறேன். பஸ்ஸில் அழுகை. பக்கத்தில் இருந்த கிழவர் எனக்கு ஜன்னல் சீட்டைத் தந்தார்.

அக். 2, வியாழன்

கிளினிக். மழை. கோடு இருந்ததால் இன்றைக்கே ஸ்கேனும் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்த பெரிய டொ. லேடி, தமிழ் கொஞ்சம் தெரியும். கர்ப்பப்பை உள்தோல் தடிப்பாம். தடிப்பு என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் சதை கொஞ்சம் எடுத்து அனுப்பிப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்குத் திகதி 14.

"பன்னெண்டாம் திகதி உம்ராவுக்குப் போறோம், டொக்டர். வந்து செய்யலாமா?"

"நான் உங்கட இடத்தில எண்டா போகமாட்டன்."

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இவரிடம் எல்லாம் சொன்னேன். லேஸ் பொய்யையும். எழும்பி டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனார். கோபம் என்று நினைத்தேன். பெல்ட்டோடு வந்தார். மெஷினைக் கவிழ்த்து வைத்து மாற்றினார்.

"நீங்க போங்க, ராத்தாவோட."

"நீ இல்லாம அங்க போய் நான் யாரோட சண்ட பிடிக்கிற?"

மெஷின் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது.

அக். 11, சனி

உடுப்பெல்லாம் கொடுத்து முடிந்தது. என் துணி வெட்டாமலே அலுமாரியில். உம்ராவுக்குக் கட்டின காசில் பாதி கூடத் திரும்பக் கிடைக்காதாம். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மச்சி பயணம் சொல்ல வந்தா. முகம் கொடுத்துப் பேசவில்லை. "கூப்பிடு வாற ஆளுக்குத்தான் வரும்" என்று சுவருக்குச் சொன்னா. சுருக்கென்றது. போகும்போது கட்டிப்பிடித்தா, மரக்கட்டை மாதிரி. ஆனால் விட நேரமெடுத்தா.

அக். 14, செவ்வாய்

முடிந்தது. வலித்தது, நன்றாகவே. நர்ஸ் மிஸ்ஸி கையைப் பிடித்துக்கொண்டிருந்தா. இவர் வெளியே ஆம்பிளைகள் நிற்கக் கூடாத இடத்தில் நின்று ஏச்சு வாங்கினாராம்.

ரிப்போர்ட் வர மூன்று கிழமை. "நேரத்தோட வந்தீங்க, அம்மா" என்றா டொ. நேரத்தோடயாம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அக். 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்து இவர் வரவில்லை இன்னும். பகலைக்குச் சோறு, மீன் ஆணம், பொல் சம்பல். கோல். மக்காவிலிருந்து மச்சி, வீடியோ. நான் தைத்த வெள்ளை உடுப்பு. பின்னால் ஒரே இரைச்சல். அந்த இடத்தில் நானும் நின்றிருக்க வேண்டும்.

"ஒனக்கு துஆ கேட்டேன். இன்னும் என்ன கேக்கணும், செல்லு."

"ரிப்போர்ட்டச் சொன்ன நாளைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க."

மச்சி சிரிக்கவில்லை. ஒரு ஓரமாகப் போய், போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தா. திரையில் கன்னம் மட்டும் தெரிந்தது.

"ஸரீனா. எனக்கும் ஈக்கி."

"என்ன ஈக்கி?"

"ஒனக்கு வந்ததுதான். நோன்புக்கும் முந்தி. அந்தக் குளிசையாலதான் நிப்பாட்டி நிப்பாட்டி வச்சீக்கிறேன். இங்கயும் குடிச்சிட்டுத்தான் ஈக்கிறேன். ஒருத்தருக்கும் செல்லாதே."

பாதி பாவித்த பட்டை! எனக்காக வாங்கி வந்தா என்று மனசு இளகி நின்றேனே. பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வாய்க்குள் என்ன வைத்திருந்தீங்க என்று கத்த வாயைத் திறந்தேன். அந்தக் கன்னம் நனைந்திருந்தது. கத்தவில்லை.

"வந்தவுடனே இங்க வாங்க, மச்சி. நான் கூட்டிட்டுப் போறேன். எந்த வரிசையெண்டு எனக்குத் தெரியும். உள்ள போனதும் உம்ரா, குளிச ஒண்டும் முதல்ல செல்லாதீங்க. முதல்ல வயசு. பிறகு நிண்டு எத்தின வருஷம். செல்லிப் பாருங்க."

"இப்பயா?"

"இப்பதான்."

இரைச்சலுக்கு நடுவில் மெல்லிய குரல்: "அறுவத்தொண்டு. நிண்டு... பத்து வருஷம்."

"கேக்கல்ல, மச்சி. சத்தமாச் செல்லுங்க."