வெள்ளிமலையில் நாம் பார்த்த ஆட்டம்

இன்று கடைக்குப் பச்சை நிறப் பாலியஸ்டர் துணி ஒரு கட்டு வந்து இறங்கியது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சட்டைக்காம். பிரித்ததும் புதுத் துணியின் காரமான வாடை மூக்கில் ஏறியது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் மிஷினில் இப்போது வேறொருத்தி தைக்கிறாள். "இன்னாக்கா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அசதிதான். நீ போன பிறகு தூங்கி எழுந்தாலும் இந்த அசதி போவதில்லை.

வெள்ளிமலைக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாம் அசந்துபோய்த்தான் கிளம்பினோம். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். வாரம் முழுக்கச் சீருடை தைத்து உனக்குக் கால் வீங்கியிருந்தது. எனக்குக் கழுத்து திரும்பவில்லை. தியாகதுருகத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் இறங்கி, மலைக்குப் போகும் வண்டிக்காக நின்றோம்.

உன் வீட்டுக்காரர்தான் உன்னை அனுப்பியிருந்தார். உன் மகள் நிவேதா கல்லூரியில் கடைசி வருடம். கள்ளக்குறிச்சிப் பெண்கள் சிலர் சேர்ந்து தாங்களாகவே ஆரம்பித்திருந்த கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். எந்தச் சங்கத்திலும் பதியாத அணி. மலைக்காரர்கள் நடத்தும் போட்டிக்காக முதல் நாளே மேலே போயிருந்தாள். அவள் போன பிறகு, ஞாயிறு சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக எலவனாசூர்கோட்டையிலிருந்து தகவல் வந்தது. அவளோ போனை அணைத்து வைத்திருந்தாள்.

"மத்தியான பஸ்ஸுக்குள்ள இட்டுக்கினு வந்துடு. இன்னையோட அந்தப் பந்து ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லிடு" என்றாராம் அவர். தனியாக மலை ஏறிப் பழக்கமில்லாததால் என்னையும் கூப்பிட்டாய்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, நீ ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். "ஒரு நாள் பூரா படுத்துத் தூங்கணும்டி செல்வி. யாரும் என்னை எழுப்பக் கூடாது" என்றாய். சர்க்கரை நோய்க்கு நீ மாத்திரை போட ஆரம்பித்திருந்த காலம் அது.

மைதானம் என்று சொன்னார்களே தவிர, அது சரிவாக இருந்த ஒரு செம்மண் தரைதான். காலையில் பெய்த தூறலில் சேறாகிக் கிடந்தது. மூங்கிலில் கோல் கம்பம், சுண்ணாம்பில் கோடு. நாம் போவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. மலைப் பெண்கள் பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடினார்கள். நமக்குப் பக்கத்தில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மலை அணியில் ஒருத்தி பந்தை உதைத்து நிவேதாவின் கைக்கு மேலே அனுப்பினாள். உடனே பக்கத்துப் பெண் குழந்தையைத் தூக்கிக் குலுக்கினாள்.

"யாரு, உன் பொண்ணா?" என்று கேட்டாய்.

"மருமவ. இது அவ புள்ள."

"கல்யாணம் ஆயிம் ஆடுதா?"

"ஆடுறா. பால் குடுத்துட்டு எறங்குனா. அழுதா நான் பாத்துக்குவேன்."

நீ பந்தை விட்டுவிட்டு அந்த மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இடைவேளைக்குள் நிவேதா நாலு கோல் வாங்கிவிட்டாள். விசில் ஊதியதும் நீ எழுந்தாய். சொல்ல வந்ததைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம். நானும் பின்னாலேயே வந்தேன். முகமெல்லாம் சேறாகத் திரும்பியவள் உன்னைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"யம்மா! நீ எப்பிடி இங்க?"

நீ வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "நாலு வாங்கிட்டம்மா. எல்லாம் என்னாலதான். போயிடாதம்மா, கொஞ்ச நேரம் இரு."

அவள் முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாய். ஒற்றி முடிந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. ஏதோ சொல்லப் போகிறாய் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எங்கயும் போவல. நீ போய் நில்லு" என்றாய்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் உன் பைக்குள் போன் அடித்தது. அவர்தான். எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய்.

"சத்தத்தைக் கம்மி பண்றது எப்பிடிடி?"

பண்ணிக் கொடுத்தேன்.

பக்கத்துப் பெண் வெற்றிலை வாங்கப் போனாள். போகும்போது குழந்தையை உன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து அதன் அம்மாவே பந்தோடு தனியாக ஓடி வந்தாள். நிவேதா முன்னால் வந்தாள். ஒருபக்கமாகப் பாய்ந்து, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி சேற்றில் விழுந்து புரண்டாள். நீ குழந்தையோடு எழுந்து நின்று, "புடிச்சிட்டாடி! புடிச்சிட்டா!" என்று கத்தினாய். குழந்தை மிரண்டு அழுதது. எத்தனையோ வருடமாகப் பழகியும் நீ கத்தி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

ஆனாலும் தோற்றோம். பஸ்ஸும் போய்விட்டது. அணியோடு சேர்ந்து ஒரு குட்டியானை சரக்கு வண்டியின் பின்பக்கம் ஏறி மலை இறங்கினோம். நாலைந்து பெண்கள் மூட்டையின்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். நிவேதா உன் தோளில் தூங்கினாள். வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்பதை அவளிடம் நீ கடைசிவரை சொல்லவே இல்லை.

நாம் வந்து சேர்ந்தபோது, வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்கடி போய்த் தொலைஞ்சீங்க? போன் அடிச்சா எடுக்க மாட்டியா?"

"ஆட்டம் முடியலீங்க."

"ஜெயிச்சாளா?"

"தோத்துட்டா."

"தோக்குற ஆட்டத்தைப் பாக்கவா வந்தவங்கள திருப்பி அனுப்புன?"

"ஆமாங்க. படிப்பு முடியட்டும், அப்பால மாப்பிள்ள பாக்கலாம். எனக்குக் கால் நோவுது. வழிய வுடுங்க."

நீ குரலை உயர்த்தவில்லை. சண்டை போட உடம்பில் தெம்பும் இல்லை. அவர் அசையாமல் நின்றார். நீயும் அசையாமல் நின்றாய். கடைசியில் அவர்தான் நகர்ந்தார்.

அதன்பிறகு வெகுநாள் அவர் உன்னிடம் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். மதியச் சாப்பாட்டின்போது அதைச் சொல்லிவிட்டு, "போவட்டும்டி, வூடு கொஞ்சம் நிம்மதியா இருக்குது" என்று சிரிப்பாய். சிரிப்பு கண்வரை போகாது.

நிவேதா படிப்பை முடித்தாள். இப்போது விளையாட்டு ஆசிரியர் படிப்பு படிக்கிறாள். ஆட்டத்தையும் விடவில்லை. அதற்குள் சர்க்கரை உன் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதே உனக்குப் பெரும்பாடாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார முடியாது என்றானதும் என்னைப் பிடித்துக்கொண்டாய். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு."

போனேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் உன் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். எனக்கு ஆட்ட விதிகள் பாதிதான் புரியும். மீதியை நீயே எட்டிப் பிடித்துக்கொள்வாய். உன் வீட்டுக்காரர் கதவோரம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை பக்கம் திருப்பமாட்டார். நாம் இருவருமே அதைப் பார்த்தோம். பேசிக்கொண்டதில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு, போன ஞாயிறு நைனார்பாளையத்தில் ஒரு ஆட்டம். வெயில் கொளுத்தியது. வேண்டாம், வீட்டிலேயே படுத்துவிடலாம் என்றுதான் காலையில் நினைத்தேன். பிறகு எழுந்து தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து தியாகதுருகத்தில் இறங்கியபோது, டீக்கடை ஓரமாக உன் வீட்டுக்காரர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். ரொம்ப நேரமாக நிற்கிறார் போலிருந்தது.

"ஆட்டம் எப்பிடிம்மா போச்சு?" என்றார்.

"ஒண்ணுக்கு ஒண்ணுங்க."

தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. எனக்குக் கால் கடுத்தது. வீட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. இருந்தாலும் பையை பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு, அவரையும் உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.